லெய்த்தா நதியைக் கடந்த திருமணங்கள்

இருதலைக் கழுகின் நிழலில் – 14

1887 ஆகஸ்ட் 15. ஜெர்மனியின் நடுவே இருந்த கோபுர்க் என்னும் சின்னஞ்சிறு கோமகன் நாட்டில் ஒரு திருமணம் நடந்தது. மணமகனுக்கு வயது 61. வியன்னா நகரமே தன் சொத்தாகக் கொண்டாடிய மனிதர் அவர்: வால்ட்ஸ் இசையின் மன்னர் ஜோஹன் ஸ்ட்ராஸ். மணமகள் அடேல், யூதக் குடும்பத்தில் பிறந்த இளம் விதவை. வியன்னாவில் ஆயிரம் விளக்குகளோடு நடந்திருக்க வேண்டிய மணம் இது. இந்த மணத்துக்காக ஸ்ட்ராஸ் மூன்று காரியங்களைச் செய்தார். பிறந்து வளர்ந்த கத்தோலிக்க சமயத்தை விட்டு லுத்தரன் ஆனார். ஆஸ்திரியக் குடியுரிமையைத் துறந்தார். கோபுர்க் கோமகன் இரண்டாம் எர்ன்ஸ்டின் குடிமகனாகப் பதிவு செய்துகொண்டார்.

காரணம், அவருடைய இரண்டாம் மனைவி ஏஞ்சலிகா. 1878இல் அவரை மணந்தார் ஸ்ட்ராஸ். 1882இல் ஏஞ்சலிகா வீட்டை விட்டு வெளியேறி, ஒரு நாடக அரங்கின் இயக்குநரோடு வாழத் தொடங்கினார். பிரிவதில் இருவருக்குமே சம்மதம். ஆஸ்திரிய நீதிமன்றமும் பிரித்து வைத்தது. ஆனால் மறுமணம் செய்ய மட்டும் இருவருக்கும் உரிமை இல்லை. ஒருவர் சாகும்வரை மற்றவர் கணவரே, மனைவியே. கோபுர்க் கோமகன் தம் புதிய குடிமகனின் பழைய மணத்தை முறித்துக் கொடுத்த பிறகுதான் அடேலின் கையைப் பிடிக்க முடிந்தது. 1899இல் ஸ்ட்ராஸ் வியன்னாவில் இறந்தபோதும் சட்டப்படி அவர் கோபுர்க்காரர்தான்.

சென்ற பகுதியில் 1867 உடன்படிக்கையைப் பார்த்தோம். ஹாப்ஸ்பர்க் பேரரசு ஆஸ்திரியா, ஹங்கேரி என இரண்டு அரசுகளானது. பேரரசர் ஒருவர், படை ஒன்று, வெளியுறவு ஒன்று. நாடாளுமன்றங்கள் இரண்டு, குடியுரிமைகள் இரண்டு. இடையே லெய்த்தா என்றொரு சிறு நதி எல்லையானது. வரியும் மொழியும் அந்த எல்லையில் எப்படி மோதின என்று எல்லா வரலாற்று நூல்களும் சொல்லும். மனிதர்களின் வீட்டுக்குள் அந்த எல்லை எப்படி ஓடியது என்பதை இந்தப் பகுதியில் பார்க்கலாம். கிழக்கே போனால் மனைவி, மேற்கே போனால் அயலாள். அதே பேரரசரின் ஆட்சிக்குள்தான் இந்த வினோதம்.

111ஆம் பிரிவு

1812 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது ஆஸ்திரியப் பொதுக் குடிமைச் சட்டம். அதற்கு முந்தைய ஆண்டே அறிவிக்கப்பட்டது. ஐரோப்பாவின் முன்னோடிச் சட்டத் தொகுப்புகளுள் ஒன்று. பெரும் திருத்தங்களோடு ஆஸ்திரியாவில் இன்றும் உயிரோடு இருக்கிறது. மனிதர் எல்லோருக்கும் பிறப்பிலேயே உரிமைகள் உண்டு என்று அறிவித்த அதே சட்டம், திருமணத்துக்கு வந்ததும் ஆளுக்கொரு நியாயம் வைத்தது. சமயம் எதுவோ அதைப் பொறுத்தே மணத்தின் விதி.

கத்தோலிக்கர் இருவர் மணந்தால் மரணம் ஒன்றே அந்தப் பந்தத்தை அறுக்கும் என்றது 111ஆம் பிரிவு. மணநாளில் இருவரில் ஒருவர் கத்தோலிக்கராக இருந்தாலே போதும், இதே விதிதான். புராட்டஸ்டன்ட் தம்பதிகள் விபசாரம், கொடுமை, கைவிடுதல், ஏன், தீராத வெறுப்பு என்ற காரணத்துக்காகக்கூட விவாகரத்துப் பெறலாம் என்றது 115ஆம் பிரிவு. யூதத் தம்பதிகள் இருவரும் சம்மதித்தால், சமய முறைப்படி விலக்குச் சீட்டுக் கொடுத்துப் பிரியலாம். இந்த மூன்று விதிகளும் ஒரே புத்தகத்தில், சில பக்க இடைவெளியில் இருந்தன.

கத்தோலிக்கருக்கு மிஞ்சியது ஒன்றுதான்: வீட்டையும் படுக்கையையும் பிரித்துக்கொள்ளும் நீதிமன்ற ஆணை. ஒரே கூரையின் கீழ் வாழவேண்டிய கட்டாயம் போய்விடும். ஜீவனாம்சம் தீர்மானமாகும். பந்தம் மட்டும் அப்படியே நிற்கும். முப்பது வயதில் பிரிந்தவர், மற்றவர் எண்பது வயதுவரை வாழ்ந்தால், அதுவரை தனியாகத்தான் இருக்க வேண்டும்.

சரி, பின்னர் மதம் மாறினால்? பயனில்லை. சட்டம் பார்ப்பது மணநாளில் இருந்த சமயத்தை. வெளிநாடு போய் மணந்தால்? அதுவும் பயனில்லை. ஆஸ்திரியக் குடிமக்கள் எங்கே சென்றாலும் அவர்களுடைய தகுதியையும் தகுதியின்மையையும் தீர்மானிப்பது சொந்த நாட்டுச் சட்டமே என்று 4ஆம் பிரிவு கட்டிப்போட்டிருந்தது. ஆக, திறந்திருந்த வழி ஒன்றே ஒன்று. ஆஸ்திரியக் குடிமகனாக இருப்பதையே விட்டுவிடுவது.

இடையில் நிலைமை இன்னும் இறுகியது. 1855இல் இளம் பேரரசர் ஃபிரான்ஸ் ஜோசப் போப்பாண்டவருடன் உடன்படிக்கை செய்துகொண்டார். 1857 தொடக்கத்திலிருந்து கத்தோலிக்கர்களின் மண வழக்குகள் முழுவதும் திருச்சபை நீதிமன்றங்களுக்குப் போய்விட்டன. 1868 மே மாதம் தாராளவாத அரசு அவற்றை மீட்டு மீண்டும் அரசு நீதிமன்றங்களிடம் ஒப்படைத்தது. போப் ஒன்பதாம் பயஸ் அந்தச் சட்டங்களை வெளிப்படையாகக் கண்டித்தார். லின்ஸ் நகர ஆயர் ருடிகர் அவற்றை எதிர்த்து எழுதிய சுற்றுமடலுக்காக 1869இல் 14 நாள் சிறைத் தண்டனை பெற்றார். பேரரசர் உடனே மன்னித்துவிட்டார். அவ்வளவு பெரிய மோதல். ஆனால் மோதி வென்ற தாராளவாதிகள் 111ஆம் பிரிவைத் தொடவே இல்லை. நீதிபதியின் அங்கி மாறியது, தீர்ப்பு மாறவில்லை.

எல்லைகளுக்குள் எல்லைகள்

லெய்த்தா ஒன்றே எல்லை என்று நினைத்துவிடக் கூடாது. ஆஸ்திரியாவுக்குள்ளேயே மாகாணத்துக்கு மாகாணம் மணச் சட்டம் மாறியது.

ஆல்ப்ஸ் மலைநாடுகளான டிரோலிலும் ஃபோரார்ல்பெர்க்கிலும் ஏழைகள் மணம் செய்ய ஊர் நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். பண்ணையாள், தினக்கூலி, பட்டறைத் தொழிலாளி, சொந்த வீடு இல்லாதவர் எல்லோரும் கையில் பிழைப்புக்கு வழி இருக்கிறது என்று காட்ட வேண்டும். பிள்ளைகள் பிறந்து ஊர்ப் பொதுப் பணத்தில் கஞ்சி ஊற்ற நேருமோ என்ற பயம் ஊர்ப் பெரியவர்களுக்கு. அனுமதி கிடைக்காத டிரோல் ஜோடிகள் சிலர் மலைகளைத் தாண்டி ரோம் நகருக்கே போய், போப்பின் நகரத்தில் திருமணம் முடித்துத் திரும்பினார்கள். திருச்சபையின் கண்ணில் அது முழுமையான மணம். ஊர் நிர்வாகத்தின் கண்ணில் சட்ட மீறல். மற்ற ஆஸ்திரிய மாகாணங்களில் பெரும்பாலானவை 1860களின் முடிவில் இந்த அனுமதி முறையைக் கைவிட்டன. டிரோலிலும் ஃபோரார்ல்பெர்க்கிலும் அது 1921 வரை நீடித்தது, பேரரசே மறைந்த பிறகும்.

பொஹீமியாவிலும் மொராவியாவிலும் யூதர்களுக்கு நேர்ந்தது இன்னும் கொடியது. 1726இல் பேரரசர் ஆறாம் கார்ல் அந்த மாகாணங்களில் எத்தனை யூதக் குடும்பங்கள் இருக்கலாம் என்று எண்ணிக்கை நிர்ணயித்தார். பொஹீமியாவில் 8,541, மொராவியாவில் 5,106. குடும்ப எண் தந்தையிடமிருந்து மூத்த மகனுக்கு மட்டும் போகும். இளைய மகன்கள் மணம் முடிக்க வேண்டுமானால், எங்காவது வாரிசில்லாமல் ஓர் எண் காலியாக வேண்டும். காத்திருந்து நரைத்தவர்கள் உண்டு. சமயச் சடங்கோடு மறைவில் மணந்து, தங்கள் பிள்ளைகள் அரசுப் பதிவில் தாயின் பெயரை மட்டும் சுமப்பதைப் பார்த்தவர்கள் உண்டு. துணிந்தவர்கள் மொராவிய எல்லையைத் தாண்டி ஹங்கேரிக்குப் போனார்கள். அங்கே அந்த எண்ணிக்கைச் சட்டம் கிடையாது. மேற்கு ஹங்கேரியின் பல யூதக் குடியிருப்புகள் இப்படி மணம் தேடி வந்த இளைய மகன்களால் வளர்ந்தவை. 1848 புரட்சி வந்துதான் அந்த எண்களின் பிடி தளர்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை ஒரு மனிதனுக்குக் குடும்பம் வேண்டுமா என்பதை அவன் எத்தனையாவதாகப் பிறந்தான் என்பது தீர்மானித்தது. இதை நினைத்தால் இன்றும் மனம் கொதிக்கிறது.

கிறிஸ்தவருக்கும் கிறிஸ்தவர் அல்லாதவருக்கும் இடையே மணம் செல்லாது என்றது 64ஆம் பிரிவு. கத்தோலிக்கப் பெண்ணும் யூத ஆணும் காதலித்தால் இருவரில் ஒருவர் மதத்தை விட்டாக வேண்டும். ஸ்ட்ராஸ் – அடேல் திருமணத்துக்கு முன் அடேலும் புராட்டஸ்டன்ட் ஆனார். தெற்கே குரோவேஷியா ஹங்கேரிய முடிக்கு உட்பட்டதுதான் என்றாலும் மண விஷயத்தில் தனி வழியில் நின்றது. 1878இல் கைப்பற்றப்பட்ட பொஸ்னியாவில் முஸ்லிம்களுக்கு ஷரியத் நீதிமன்றம், கிறிஸ்தவர்களுக்கு அவரவர் திருச்சபை. ஒரு பேரரசருக்குக் கீழே எத்தனை மணச் சட்டங்கள் இருந்தன என்று கேட்டால், வழக்கறிஞர்களே விரல் மடக்கி எண்ண வேண்டியிருக்கும்.

கொலோஷ்வார் வழி

இந்தச் சிக்கலுக்குள் ஒரு கதவு திறந்திருந்தது. அது பேரரசின் கிழக்கு ஓரத்தில், டிரான்சில்வேனியாவில்.

டிரான்சில்வேனியா சமய வரலாற்றில் தனி இடம் பெற்ற மண். 1568இல் டோர்டா நகரில் கூடிய சபை, போதகர்கள் தாங்கள் புரிந்துகொண்டபடி நற்செய்தியைப் போதிக்கலாம், யாரையும் சமயத்துக்காக வதைக்கக் கூடாது என்று தீர்மானித்தது. ஐரோப்பாவின் பல நாடுகளில் சமயத்தின் பெயரால் மனிதர்களை எரித்துக்கொண்டிருந்த காலம் அது. அதிலிருந்து கத்தோலிக்கர், லுத்தரன்கள், கால்வின் வழிச் சீர்திருத்தச் சபையினர், திரித்துவத்தை மறுக்கும் யூனிட்டேரியன்கள் ஆகிய நான்கு சபைகளும் அங்கே ஏற்பு பெற்றவை ஆயின. பெரும்பான்மை ருமேனியர்களின் ஆர்த்தடாக்ஸ் சபைக்கு மட்டும் அந்தத் தகுதி கிடைக்கவில்லை என்பது அந்தச் சகிப்பின் எல்லையையும் காட்டுகிறது. ஏற்பு பெற்ற ஒவ்வொரு சபைக்கும் தன் மக்களின் மண வழக்கைத் தானே விசாரிக்கும் நீதிமன்றம் இருந்தது. சீர்திருத்தச் சபையும் யூனிட்டேரியன் சபையும் விவாகரத்தை அனுமதித்தன. யூனிட்டேரியன்களின் தலைமையிடம் கொலோஷ்வார். இன்று ருமேனியாவில் குளூஜ் என்று அழைக்கப்படும் நகரம்.

1868இல் ஹங்கேரிய நாடாளுமன்றம் இரண்டு சட்டங்கள் இயற்றியது. மதம் மாற விரும்புபவர் இரண்டு சாட்சிகளோடு தம் பழைய சபைப் போதகரிடம் போய்ச் சொல்ல வேண்டும். 14 நாள் கழித்து மீண்டும் போய் உறுதி செய்ய வேண்டும். அதன் பிறகு அவருடைய செயல்கள் எல்லாம் புதிய சபையின் கொள்கைப்படியே எடைபோடப்படும் என்றது ஒரு சட்டம். வெவ்வேறு சபையைச் சேர்ந்த தம்பதிகளின் வழக்கில் அவரவருக்கு அவரவர் சபை நீதிமன்றமே தீர்ப்பளிக்கும் என்றது இன்னொன்று. மணநாளில் எந்தச் சமயம் என்று ஆஸ்திரியா கேட்டது. இன்று எந்தச் சமயம் என்று ஹங்கேரி கேட்டது. அந்த ஒற்றை வேறுபாட்டின் மீதுதான் டிரான்சில்வேனியத் திருமணம் எனப் பெயர் பெற்ற வழக்கமே நின்றது.

வழி இப்படிப் போகும். முதலில் வியன்னா நீதிமன்றத்தில் படுக்கைப் பிரிவு ஆணை. பிறகு ஹங்கேரியக் குடியுரிமை. 1879 குடியுரிமைச் சட்டப்படி அதற்கு ஐந்து ஆண்டுகள் அங்கே வசித்திருக்க வேண்டும். ஆனால் ஹங்கேரியக் குடிமகன் ஒருவர் தத்தெடுத்துவிட்டால் அந்தக் காத்திருப்பு தேவையில்லை. எனவே நாற்பது, ஐம்பது வயதுக்காரர்களுக்குத் திடீரென்று ஹங்கேரியில் ஒரு தந்தை முளைத்தார். அடுத்து மதமாற்றம். அதற்கடுத்து, புதிய சபையின் நீதிமன்றத்தில் விவாகரத்து. கடைசியாக மறுமணம். 1870இலேயே கொலோஷ்வாருக்கு ரயில் பாதை வந்துவிட்டது. பயணம் எளிதானது. வழக்கறிஞர், தத்தெடுப்பவர், ஆவணங்கள், தங்கும் செலவு என்று பார்த்தால் ஒரு தொழிலாளியின் பல ஆண்டுச் சம்பாத்தியம் கரைந்துவிடும். எனவே வந்தவர்கள் வியாபாரிகள், கலைஞர்கள், நிலவுடைமையாளர்கள், அதிகாரிகள்.

புராட்டஸ்டன்ட் சபைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. தம் சமய விதிப்படி, தம்மிடம் வந்தவருக்கு அவர்கள் நியாயம் வழங்கினார்கள். வருத்தம் வேறு இடத்தில் இருக்கிறது. கடவுளைத் தேடி மாற வேண்டிய மதத்தை, நீதிமன்றத்தைத் தேடி மாறும் நிலைக்கு மனிதர்களைத் தள்ளியது மேற்குக் கரைச் சட்டம். பக்தியைக் காக்கிறேன் என்று எழுதப்பட்ட பிரிவே சமயத்தை ஒரு படிவமாக்கியது.

வீடு திரும்பிய அயல்நாட்டார்

மறுமணம் முடிந்த தம்பதி வியன்னாவுக்குத் திரும்புவார்கள். அதே வீடு, அதே தெரு, அதே கடை. சட்டப்படி மட்டும் ஹங்கேரியர்கள். வெளியே எல்லாம் அமைதியாகத் தெரியும். யாராவது வழக்குத் தொடுக்கும்வரை.

வழக்கு யாரும் தொடுக்காமலும் வரலாம். முதல் பந்தம் நிலைத்திருக்க இன்னொரு மணம் நடந்தது என்று தெரிந்தால் நீதிமன்றம் தானே முன்வந்து விசாரிக்க வேண்டும் என்றது 94ஆம் பிரிவு. அந்த விசாரணையில் பந்தத்தின் சார்பில் வாதாட ஒருவரை நியமிப்பார்கள். மனைவியும் கணவனும் ஒருமனதாக வேண்டாம் என்று சொன்னாலும், விசாரணைக்கு உள்ளான மணம் செல்லும் என்று வாதாடுவதே அவர் கடமை. புதுத் தம்பதியில் ஒருவர் ஆஸ்திரியக் குடிமகளாகவே இருந்து மணந்திருந்தால் நிலைமை மோசம். 4ஆம் பிரிவு அவரைப் பற்றிக்கொள்ளும். வியன்னாவின் உச்ச நீதிமன்றம் அப்படிப்பட்ட மணங்களைச் செல்லாதவை என்றது. புடாபெஸ்டில் அவர் சட்டப்படி மனைவி. வியன்னாவில் மணமாகாத பெண். ரயிலில் ஏறி இறங்கும் இடைவெளியில் ஒரு பெண்ணின் தகுதி மாறிவிடும்.

கணவன் இறந்தால் சொத்து யாருக்கு? ஓய்வூதியம் யாருக்கு? பல ஆண்டுகள் முன்பே வேறு வாழ்வு அமைத்துக்கொண்ட முதல் மனைவி, ஆஸ்திரியச் சட்டத்தின் கண்ணில் இன்னும் விதவை. கடைசிவரை உடன் இருந்து அவன் கண்களை மூடிவிட்டவளுக்கு ஒன்றுமில்லை.

எல்லாவற்றையும்விடக் கடுமையானது 160ஆம் பிரிவு. ஒரு மணம் செல்லாது என்று தீர்ப்பானாலும், பெற்றோரில் ஒருவராவது தடை இருப்பது தெரியாமல் நல்லெண்ணத்தோடு மணந்திருந்தால், பிள்ளைகளைச் சட்டபூர்வப் பிள்ளைகளாகக் கருதலாம் என்று அது கருணை காட்டியது. ஆனால் மூன்று தடைகளுக்கு அந்தக் கருணை கிடையாது. 62, 63, 64 ஆகிய பிரிவுகளின் தடைகள் அவை: முந்தைய மணப் பந்தம், குருத்துவம், சமய வேறுபாடு. அதாவது கொலோஷ்வாரில் மணந்து வந்த தம்பதிக்கு வியன்னாவில் பிறந்த குழந்தை, தாய் எவ்வளவு நம்பிக்கையோடு மணந்திருந்தாலும், தந்தையின் குடும்பத்தில் இடமில்லாத குழந்தை. அந்தக் குழந்தை எந்த நதியையும் கடக்கவில்லை. எந்த மதமும் மாறவில்லை. ஆனால் தண்டனை அதற்குத்தான்.

ஒரு பேராசிரியர் கொடுத்த விலை

63ஆம் பிரிவின் வேகத்தை அனுபவித்தவர் தத்துவ அறிஞர் ஃபிரான்ஸ் பிரென்டானோ. 1864இல் கத்தோலிக்கக் குருவானவர். போப்பின் தவறாமைக் கோட்பாட்டை ஏற்க முடியாமல் 1873இல் குருத்துவத்தை விட்டார். அடுத்த ஆண்டு வியன்னா பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்தது. சிக்மண்ட் ஃபிராய்டு அவர் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார். பின்னாளில் செக்கோஸ்லோவாக்கியாவின் முதல் குடியரசுத் தலைவரான மசாரிக்கும் அவர் மாணவர்.

பிரென்டானோ இடா வான் லீபன் என்ற பெண்ணை மணக்க விரும்பினார். ஒருமுறை குருத்துவம் ஏற்றவர், அதை விட்டாலும், திருச்சபையை விட்டே வெளியேறினாலும், ஆஸ்திரியாவில் மணம் செய்ய முடியாது. 1880இல் அவர் ஆஸ்திரியக் குடியுரிமையைத் துறந்து, சாக்சனி நாட்டுக் குடிமகனாகி, லைப்ஸிக் நகரில் மணந்தார். குடியுரிமை போனதும் பேராசிரியர் பதவி போனது. வியன்னாவுக்குத் திரும்பி, அதே பல்கலைக்கழகத்தில் சம்பளமில்லாத விரிவுரையாளராகப் பாடம் நடத்தினார். பேராசிரியர் பதவியைத் திரும்பத் தரக் கோரிய முயற்சிகள் ஒன்றும் பலிக்கவில்லை. எட்மண்ட் ஹுசெர்ல் அவரிடம் பயின்று தத்துவத்துக்கு வந்தது இந்தக் காலத்தில்தான். 1894இல் மனைவி இறந்தார். அடுத்த ஆண்டு பிரென்டானோ ஆஸ்திரியாவை விட்டே போனார். போகும்போது அந்த மணச் சட்டத்தைக் கடுமையாகச் சாடி எழுதினார். ஒரு மனிதன் யாரை மணந்தான் என்பதற்காக, ஒரு பல்கலைக்கழகம் தன் தலைசிறந்த ஆசிரியரை இழந்தது.

ஹங்கேரி துணிந்தது

கிழக்குக் கரையிலும் எல்லாம் சுமுகமாக இல்லை. கலப்பு மணத்தில் பிறக்கும் மகன் தந்தையின் சமயம், மகள் தாயின் சமயம் என்றது 1868 சட்டம். கத்தோலிக்கக் குருமார் சிலர் புராட்டஸ்டன்ட் வீட்டுக்குரிய குழந்தைகளுக்கும் ஞானஸ்நானம் கொடுத்துத் தங்கள் பதிவேட்டில் சேர்த்தனர். 1890இல் கல்வி, சமய அமைச்சர் ஆல்பின் சாக்கி அப்படிச் சேர்க்கும் குருமார்மீது நடவடிக்கை என்று ஆணையிட்டதும் நாடே இரண்டுபட்டது. பிறப்பு, மணம், இறப்பு ஆகியவற்றின் பதிவைத் திருச்சபைகளிடமிருந்து அரசே எடுத்துக்கொண்டால்தான் இந்தச் சண்டை தீரும் என்ற எண்ணம் வலுத்தது.

அதைச் சட்டமாக்கியவர்கள் இருவர். பிரதமர் ஷாண்டோர் வெக்கெர்லே, பிரபுக் குலத்தில் பிறக்காமல் ஹங்கேரியில் அந்தப் பதவிக்கு வந்த முதல் மனிதர். நீதி அமைச்சர் தெஷோ சிலாகி, மசோதாவை எழுதி வாதாடியவர். எல்லோருக்கும் ஒரே மணச் சட்டம்; அரசு அலுவலர் முன் நடப்பதே சட்டபூர்வ மணம்; தேவாலயச் சடங்கு அவரவர் விருப்பம்; எந்தச் சமயத்தவருக்கும் விவாகரத்து உண்டு. போப் பதின்மூன்றாம் லியோ 1893இலேயே ஹங்கேரிய ஆயர்களுக்குச் சுற்றுமடல் எழுதி எச்சரித்தார்.

கீழவை மசோதாவை நிறைவேற்றியது. 1894 மே மாதம் பிரபுக்களின் மேலவை அதைத் தோற்கடித்தது. வெக்கெர்லே பதவி விலகினார். வேறு யாராலும் அரசு அமைக்க முடியவில்லை. பேரரசர் அவரையே திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. ஜூன் மாதம் மசோதா மீண்டும் மேலவைக்கு வந்து, மிகச் சில வாக்குகள் வித்தியாசத்தில் தப்பிப் பிழைத்தது. பக்திமானான ஃபிரான்ஸ் ஜோசப் கையெழுத்திட டிசம்பர்வரை எடுத்துக்கொண்டார். கையெழுத்தான சில நாட்களில் வெக்கெர்லே அரசு வீழ்ந்தது. சட்டம் நின்றது. 1895 அக்டோபர் 1 முதல் ஹங்கேரியில் திருமணம் அரசு அலுவலகத்தின் விஷயமானது. கிறிஸ்தவரும் யூதரும் மதம் மாறாமலே ஒருவரையொருவர் மணக்கலாம் என்ற நிலையும் அன்றுதான் பிறந்தது.

இந்த முரணைக் கவனியுங்கள். அதே கை, அதே பேனா. புடாபெஸ்டில் அரசராக எல்லோருக்கும் விவாகரத்துக்குக் கையெழுத்திட்டவர், வியன்னாவில் பேரரசராக 111ஆம் பிரிவைக் காத்துநின்றார். 1895க்குப் பிறகு ஆஸ்திரியர்கள் மதம் மாறிச் சபை நீதிமன்றத்தை நாட வேண்டிய தேவை குறைந்தது. குடியுரிமை மாறினால் போதும். டிரான்சில்வேனியத் திருமணம் ஹங்கேரியத் திருமணமாகப் பெயர் மாறித் தொடர்ந்தது.

உச்சியிலும் அதே வழி

இந்தச் சட்டம் எவ்வளவு உள்ளீடற்றுப் போயிருந்தது என்பதற்குக் கடைசிச் சான்று பேரரசின் படைத் தலைமையிலிருந்தே வருகிறது. தலைமைத் தளபதி கொன்ராட் வான் ஹெட்சென்டோர்ஃப், மனைவியை இழந்தவர். ஜீனா வான் ரைனிங்ஹவுஸ் என்ற பெண்ணைப் பல ஆண்டுகளாக நேசித்தார். ஜீனாவோ மணமானவர், ஆறு குழந்தைகளின் தாய். 1907 தொடங்கி எட்டாண்டுகளில் கொன்ராட் அவருக்கு எழுதிய கடிதங்கள் 3,000க்கும் மேல். அவற்றில் பெரும்பாலானவை அனுப்பப்படவே இல்லை. 1915இல், உலகப் போர் நடுவே, ஜீனா ஹங்கேரியர் ஒருவரால் தத்தெடுக்கப்பட்டு, புராட்டஸ்டன்டாகி, ஹங்கேரியச் சட்டப்படி விவாகரத்துப் பெற்றார். அக்டோபரில் இருவரும் மணந்தனர். பேரரசரின் படைகளை நடத்தியவரே பேரரசரின் மணச் சட்டத்தைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது.

தளபதிக்குக் கிடைத்த வழி அவர் படையின் சிப்பாய்க்குக் கிடைக்கவில்லை. கணவன் கைவிட்டுப் போன வியன்னாத் துணி ஆலைத் தொழிலாளிக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் மணமில்லாமல் சேர்ந்து வாழ்ந்தார்கள். பிள்ளைகள் பள்ளிப் பதிவேட்டில் தாயின் பெயரைச் சுமந்தார்கள். பிரிக்க முடியாத மணம் என்ற விதி மணங்களைக் காக்கவில்லை. முறிந்த மணங்கள் முறிந்தே இருந்தன. அந்த விதி செய்தது வேறொன்று. பணமும் செல்வாக்கும் உள்ளவருக்கு எல்லைக்கு அப்பால் விடுதலையை விற்றது. இல்லாதவருக்கு அதே விடுதலையைக் குற்றம் என்றது.

சமயத்தை மதிப்பவர்களுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது என்று நம்புகிறேன். திருமணம் புனிதம் என்று ஒருவர் நம்பலாம். அந்த நம்பிக்கை மரியாதைக்குரியது. கத்தோலிக்கத் தம்பதிகள் கோடிக்கணக்கானோர் அந்த நம்பிக்கையோடு வாழ்ந்து இறந்தார்கள். ஆனால் ஒருவர் பிறந்தபோது யாரோ தலையில் ஊற்றிய தண்ணீரை வைத்து, அவர் வாழ்நாள் முழுமைக்கும் அரசு விதி எழுதுவது புனிதத்தைக் காப்பதாகாது. மக்கள் வெளிப்படையாகப் பேசித் தீர்க்க வேண்டிய கேள்வியை ஓர் அரசு தட்டிக் கழித்தால், அது மறைந்துவிடுவதில்லை. எல்லை ஓரத்துக்கு நகர்கிறது. அங்கே அதன் விலையைக் கொடுப்பவர்கள் எப்போதும் பெண்களும் குழந்தைகளும்தான்.

ஆஸ்திரிய நாடாளுமன்றம் 111ஆம் பிரிவை மாற்றாமலே 1918இல் பேரரசோடு கலைந்தது. குடியரசும் மாற்றவில்லை. 1921இல் ஹங்கேரியிடமிருந்து ஆஸ்திரியாவுக்கு வந்த புர்கன்லாந்து மாகாணம் ஹங்கேரியின் 1894 சட்டத்தையும் கூடவே கொண்டுவந்தது. ஒரு சிறிய நாட்டுக்குள் மீண்டும் ஒரு மண எல்லை. கடைசியில் அந்தப் பிரிவை ஒழித்தது 1938இல் ஹிட்லரின் ஆட்சி. கத்தோலிக்கருக்கு விவாகரத்து உரிமை வந்த அதே சில வாரங்களுக்குள், யூதரை மணப்பதைக் குற்றமாக்கும் நியூரம்பெர்க் சட்டங்களும் வந்தன. ஜனநாயகவாதிகள் பல தலைமுறைகளாகச் செய்யத் தயங்கிய சீர்திருத்தம், மனித இனத்தின் மிக மோசமான கைகளிலிருந்து, நஞ்சோடு கலந்து வந்தது. தயக்கத்துக்கும் ஒரு பொறுப்பு உண்டு. அதை அந்தத் தலைமுறைகள் ஏற்றாக வேண்டும்.

(அடுத்த பகுதி: 1919இல் கீழ் ஆஸ்திரியாவின் ஆளுநர் ஆல்பெர்ட் செவெர், சட்டத்தின் ஒரு மூலையில் கிடந்த விலக்கு அதிகாரத்தைக் கையில் எடுத்தார். பல்லாயிரம் தம்பதிகள் அவர் அலுவலகத்துக்கு வந்தனர். அவர்களுடைய மணங்கள் செல்லுமா என்பதில் நாட்டின் இரண்டு உயர்ந்த நீதிமன்றங்கள் மோதிக்கொண்ட வரலாறு.)